கொம்பனிப் பேணி

1.8.92, சனி

சோளகக் காற்று இன்றும். பல்லிடுக்கில் புழுதி. பரீட்சை மறுபடி தள்ளிவைப்பு. இம்முறை திகதியும் போடவில்லை. இரசாயனவியல், இறுதி வருடம். எனக்கு இது மூன்றாவது இறுதி வருடம்.

இன்றைய வேலை: காருக்குக் கீழே கிடந்த அப்பாவுக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுத்தல்.

பிறேக் ஒயில் முழுக்க ஒழுகிவிட்டது. றப்பர் போய்விட்டது. சந்தியில் கராச் வைத்திருக்கும் குலம் அண்ணை, ஓடாமல் கிடக்கும் ஏதோ ஒரு காரிலிருந்து றப்பர் கழற்றித் தருவதாகச் சொன்னார். ஒயிலுக்கு எங்கே போவது?

அப்பாவின் ஏ ஃபோர்ட்டி கார் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. வாடகைக்கு ஓடுவது. அதனுடன் வந்த ஆங்கிலக் கையேடு இன்னும் இருக்கைக்குக் கீழே. கையேடு கேட்பதும் நாங்கள் ஊற்றுவதும்:

எஞ்சின்: கொம்பனி ஒயில். நாங்கள், பழைய ஒயிலை வேட்டித்துண்டில் வடித்து. நாலாம் தரம்.
பெற்றோல்: நாங்கள், மண்ணெண்ணெய். ஸ்ராட் எடுக்க மட்டும் கண்மருந்துக் குப்பியால் சில துளி பெற்றோல்.
பற்றறி: மழைத்தண்ணீர்.
றேடியேற்றர்: கிணறு.
பிறேக்: கொம்பனி ஒயில். நாங்களும் கொம்பனி ஒயில்.

கடைசி வரியில் மட்டும் அப்பா இறங்கி வரமாட்டார். சண்டையில் பாதை பூட்டமுன் கடைசியாகக் கொழும்பு போனபோது வாங்கிய பிறேக் ஒயில் தகரப் பேணி ஒன்று அலுமாரியில், அம்மாவின் கூறைச்சேலைக்குப் பக்கத்தில். காரைச் செய்த கொம்பனியின் பெயர் தகரத்தில் புடைத்து நிற்கும். சீல் உடைக்கவில்லை. வேறு கடை ஒயில் பாதி விலைக்குக் கிடைத்த காலத்திலும் இதைத்தான் வாங்கினார்.

ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்தால் போதும், ஆதியில் எல்லாக் கார்களும் அதில்தான் நின்றன என்றேன். காருக்குக் கீழிருந்து பதில்.

"ஓடுறதுக்கு எதையும் ஊத்தலாம் தம்பி. நிக்கிறதுக்கு ஊத்தேலாது."

2.8.92, ஞாயிறு

பேணியையும் உடைக்கமாட்டாராம். கடைசிப் பேணி. அவசரத்துக்கு வேண்டுமாம். கார் அப்படியே நிற்கிறது. இதைவிட என்ன அவசரம்?

குலம் அண்ணை றப்பர் கொண்டுவந்து பூட்டினார். என் கலவையைப் பற்றி அப்பா அவரிடம் சொல்லிவிட்டார்.

"ஆமணக்கெண்ணெயோ? காருக்கு வயித்தாலை போகும், கெமிஸ்ரி தம்பி."

இருவரும் சிரித்தார்கள். அம்மாவும்.

கையேட்டில் ஒரு வரி: எங்கள் சொந்தத் தயாரிப்பை மட்டுமே பாவிக்கவும். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பத்து வயதில் அதை அவருக்கு வாசித்து, தமிழில் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் அதை வேதமாக்கிக்கொண்டார். விற்பவன் வேறென்ன எழுதுவான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

4.8.92, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஆமணக்கெண்ணெய் நாட்டுமருந்துக் கடையில். ஸ்பிரிட் ஆய்வுகூடத்தில், கேட்காமல். பாதிக்குப் பாதி. தெளிவான இளமஞ்சள். பார்வைக்கு வித்தியாசமில்லை.

அப்பாவும் அம்மாவும் கோயிலுக்கு. பேணியைக் கவிழ்த்து, அடித்தட்டில் ஊசியளவு ஓட்டை. சைரிங்கால் அசல் ஒயில் முழுவதையும் இழுத்து ஒரு சாராயப் போத்தலுக்குள். அதே ஓட்டையால் என் கலவை உள்ளே. தணலில் காய்ச்சிய கம்பியால் ஒரு துளி ஈயம். மேலே சீல் சீலாகவே. போத்தல் என் புத்தகப் பெட்டிக்குள்.

ஏன்? அசலை மிச்சம் பிடிக்க என்று எழுதலாம். பொய். ஏழு வருடம் படித்ததில் ஒன்றே ஒன்றாவது இந்த வீட்டில் உண்மையாக வேண்டும். அவர் என் கலவையை ஊற்றி, கொம்பனி கொம்பனிதான் என்று சொல்வதைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

7.8.92, வெள்ளி

பக்கத்து வீட்டு நவமணி அக்காவுக்கு விடியவிலிருந்து வயிற்றுக்குத்து. அப்பென்டிக்ஸ். ஊர் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அவர் புருஷன் எங்கள் வேலிப் படலையைத் திறந்து வந்து நின்றார். அப்பா அலுமாரியைத் திறந்தார்.

பேணியின் சீலை உடைத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மணத்தைப் பார். கொம்பனி கொம்பனிதான்."

கேட்டுவிட்டேன். சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஒயிலை ஊற்றி, முற்றத்தில் முன்னும் பின்னுமாக ஐந்தாறு தரம் ஓட்டிப் பார்த்தார். கார் சொன்ன இடத்தில் நின்றது. நானும் முன்சீற்றில் ஏறினேன். இனி எழுதமுடியவில்லை.

8.8.92, சனி

எழுதுகிறேன். ஒழுங்காக.

நவமணி அக்காவை நேரத்துக்குச் சேர்த்தோம். அவருக்கு இனி ஆபத்தில்லை.

திரும்பும்போது பஸ் இல்லாதவர்கள் கையைக் காட்டினார்கள். அப்பாவால் யாரையும் விட்டுவர முடியாது. உள்ளே ஒன்பது பேர். பின்னால் இரண்டு வெங்காய மூட்டை. உச்சி வெயில். தெருவெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் பிறேக். முன்சில்லுப் பக்கமிருந்து சுட்ட வாசம். யாரோ வெங்காயம் அவியுது என்றார்கள். சிரித்தோம்.

கோப்பாயில் ஒழுங்கையொன்றிலிருந்து, பேக்கரிப் பாண் விற்கும் பாண்காரர் ஒருவர் சைக்கிளில் தெருவுக்கு ஏறினார். பின்னால் பாண்பெட்டி. தூரம் இருந்தது. நிறைய இருந்தது. அப்பாவின் முழங்கால் நீண்டு விறைத்து நின்றதைப் பார்த்தேன். பிறேக் காலடித்தட்டு தரையைத் தொட்டுவிட்டது. கார் நிற்கவில்லை. அப்பா ஹாண்ட்பிறேக்கை இழுத்தார், வேலிப்பக்கம் வெட்டினார். மட்காட் அவரைத் தட்டிவிட்டது.

பாண்கள் தெருவில் உருண்டன. ஒரு பெண் அவற்றைப் பொறுக்கி, தூசி தட்டி, பெட்டிக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், இவள் பாண் அடுக்குகிறாள்.

கால் முழங்காலுக்குக் கீழே முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. வேறு ஒருவரின் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு. எங்கள் காரில் ஏற்ற அப்பா சம்மதிக்கவில்லை.

9.8.92, ஞாயிறு

குலம் அண்ணை வந்து பார்த்தார். பல தரம் மிதித்தார். குனிந்து குழாய் எல்லாம் தடவினார். ஒழுக்கு இல்லை.

"கல்லு மாதிரி நிக்குது அண்ணை. பிறேக்கிலை ஒரு பிழையும் இல்லை."

அப்பா தலையாட்டினார். தன் வலது காலைப் பார்த்தார். சலரோகம், நீரிழிவு. காலையில் பாதம் விறைக்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்தான் மிதிக்கேல்லை."

நான் அங்கேயே நின்றேன். பதில் என் வாய்க்குள் முழுதாக இருந்தது. ஸ்பிரிட் எழுபத்தெட்டுப் பாகையில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை எவ்வளவு மிதித்தாலும் சில்லு நிற்காது. ஆறினால் ஆவி திரும்ப ஒயில். காலடித்தட்டு கல்லு. முதல் வருடப் பாடம். குளிர்ந்த பிறேக்கை முற்றத்தில் பரீட்சித்துவிட்டுச் சரி என்று எழுதியவன் நான்.

ஸ்பனர்களைப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

12.8.92, புதன்

அப்பாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. போக இரண்டு மணித்தியாலம். எதிர்க்காற்று.

பாண்காரர் பெயர் செல்வரத்தினம். அப்பாவின் வயதிருக்கும். கால் முழுக்க மாவுக்கட்டு. கோபமில்லாத மனிதர், அதுதான் தாங்கமுடியவில்லை. அப்பா, என்ரை கால் செத்துப்போச்சுது, மன்னிக்கவேணும் என்றார்.

"ஐயா, நான் உங்கடை முகத்தைக் கண்டனான். மிதிக்கிற ஆளின்ரை முகம் அது."

திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார். அவர் நல்ல மனுசன், அதுதான் அப்பிடிச் சொல்லுறார் என்று.

15.8.92, சனி

அரிசி இல்லை. பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ். பொம்மர் விமானம் இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போனது. பங்கருக்குள் இறங்க அப்பா வரவில்லை.

அம்மா சமையலறையில் எனக்கு மட்டும் சொன்னது: இரவெல்லாம் காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்க்கிறாராம்.

இன்று காலை படலையில் ஒருவர், கார் வேணும் என்று. குழந்தைக்குக் காய்ச்சல். அப்பா, கார் பழுது என்றார். போனபிறகு என்னிடம்: கார் பழுதில்லை, ஆள்தான் பழுது. பகிடி போலச் சொன்னார். நான் பகிடிக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தேன்.

இவர் கார் ஓட்டிய நாற்பது வருடத்தில் ஒரு கோழியை அடித்ததில்லை. நான் ஒரு பேணியைத் தோற்கடித்தேன்.

18.8.92, செவ்வாய்

குலம் அண்ணை வந்திருந்தார். அப்பா எல்லாச் சாமானையும் அவருக்குக் கொடுக்கிறார். காரை உயர்த்தும் ஜக், பிளக், கண்மருந்துக் குப்பி. எதுக்கண்ணை இப்பிடி என்று அவர் கேட்டதற்கு அப்பா சொன்னது, எனக்குச் சொன்னது போலவே இருந்தது.

"வேறை ஒயிலெண்டால் ஒயிலைக் குற்றம் சொல்லியிருப்பன். இது கொம்பனிப் பேணி. சீலை உடைச்சது நான். இனி ஆரைச் சொல்ல?"

கொம்பனி ஒயிலுக்கு அதிகம் கொடுப்பது வீண் என்று எத்தனை தரம் வாதாடியிருப்பேன். இவர் வாங்கியது ஒயிலை மட்டுமல்ல. தன் கால் தன் கால்தான் என்ற நிச்சயத்தை. அதைத்தான் நான் ஓட்டை போட்டு இறக்கினேன்.

நாளை சொல்வேன்.

19.8.92, புதன்

சொல்லவில்லை.

22.8.92, சனி

காற்று விழுந்துவிட்டது. அசையாத வெயில்.

காலையில் அப்பா காரைக் கல்லில் ஏற்றச் சொன்னார். சில்லுகளைக் கழற்றிவிடலாமாம். ஜக்கை குலம் அண்ணையிடமிருந்து இரவல் வாங்கிவந்தேன். எங்கள் ஜக், எங்களுக்கே இரவல். முன்பக்கம் உயர்ந்தபோது சொன்னேன். முழுவதும். ஓட்டை, சைரிங், ஈயம், ஸ்பிரிட்.

அப்பா கடைசிவரை கேட்டார். முடிந்ததும் என் தோளில் கைவைத்தார்.

"உன்ரை மனம் எனக்கு விளங்குது. எண்டாலும் பொய் சொல்லாதை, தம்பி."

பேணியை எடுத்துவந்தேன். கவிழ்த்து ஈயப்பொட்டைக் காட்டினேன். விரலால் தடவினார். அது கொம்பனி ஒட்டு, எல்லாப் பேணியிலும் இருக்கும் என்றார். எனக்குப் பின்னால் அம்மா, உள்ளதைத்தான் சொல்லுறானோ என்றாள். அப்பா பேணியை நிமிர்த்தி வைத்தார்.

புத்தகப் பெட்டியிலிருந்து போத்தலைக் கொண்டுவந்தேன். மணந்தார். திருப்பித் தந்தார்.

"உது சாராயப் போத்தல். உதுக்குள்ளை கிடக்கிறது எதெண்டு ஆர் கண்டது?"

அவர் சொல்வது சரி. தகரமில்லை, பெயரில்லை. என்னிடம் இருப்பது மஞ்சள் திரவமும் என் வாக்கும்.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. அசல் பிறேக் ஒயில் பெயின்ரைத் தின்னும். ஆமணக்கெண்ணெய் தின்னாது. மறுக்கமுடியாத சோதனை. மட்காட்டில், பாண்காரரைத் தட்டிய அதே மட்காட்டில், போத்தலிலிருந்து ஊற்றினேன். பாருங்கோ என்றேன். இருவரும் நின்று பார்த்தோம். அரை மணித்தியாலம் இருக்கும். பெயின்ர் கொப்பளித்தது, சுருங்கியது, தோலாக எழுந்தது. கீழே வெறும் தகரம். கண்டீங்களே, இதுதான் அசல் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அப்பா அதைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். உள்ளே போய் வாளியில் தண்ணீரும் பழைய வேட்டித்துண்டும் கொண்டுவந்தார். வலது காலை நீட்டி, நிலத்தில் இருந்துகொண்டு, மட்காட்டைத் துடைக்கத் தொடங்கினார். மெதுவாக. மிச்ச நிறமாவது நிற்கவேண்டும் என்பதுபோல.

இனி ஓடாத கார்.

இன்னும் துடைக்கிறார்.