மாதா வரிசையும் இனிப்பு வெங்காயமும்

செப்டம்பர் 9

காலையில் மேகம். மழை இல்லை. கொல்லையில் வெங்காயம் பிடுங்கினோம். அப்போது இருந்தவர்கள்: நான், அவர், கூலிக்கு வந்த செல்லம்மா. மூன்றே பேர். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள், அவளைச் சேர்க்கவில்லை.

ஆறு பாத்தி. எல்லாம் நானே எடுத்த விதை. மே மாதம் நாற்று விட்டு, ஜூன் கடைசியில் பறித்து நட்டது.

கல்யாணத்தின்போது என் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த இனம். சின்ன வெங்காயம்தான், ஆனால் பச்சையாகத் தின்னலாம், அவ்வளவு இனிப்பு. உரித்தால் கண் எரியாது. செல்லம்மா ஒன்றை நசுக்கி வாயில் போட்டாள். முகம் கோணிவிட்டது.

“என்ன மேரிம்மா, மொளகாய நட்டுட்டியா?”

அவர் ஒன்றைக் கடித்தார். மிச்சத்தை வரப்பில் வைத்துவிட்டார். நான் ஒவ்வொரு பாத்தியிலும் நான்கு எடுத்துத் தின்று பார்த்தேன். இருபத்து நாலில் இனித்தது மூன்று. அதுவும் பழைய இனிப்பு இல்லை.

மதியம் ரசம், அப்பளம்.

செப்டம்பர் 10

வெயில். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு வாரம். வெங்காயப் பூங்கொத்து 41. நிழலில் காயவைத்தது 5 நாள், முறத்தில். தேய்த்துப் புடைத்தது 1 தடவை. விதை 7 கரண்டி. வெள்ளைத் துணியில் முடிந்து அரிசி டப்பா மேல்.

அந்த ஐந்து நாளில் வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர், ஜெயராணி. அவள் என் கொழுந்தன் மனைவி. அரியலூரிலிருந்து வந்து நான்கு நாள் தங்கினாள்.

விதை கேட்டாள். “ஒரு ஸ்பூன் குடுங்கக்கா”. தரவில்லை. விதை வெளியே போனால் இனம் போய்விடும் என்று சொன்னேன். அதற்குப் பதில் பழைய வெங்காயத்தில் தாளோடு முடிந்த ஒரு பிடிக்கட்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், முகம் சரியில்லை.

மே மாதம் அவிழ்த்தபோது முடிச்சு வேறு மாதிரி இருந்தது போல் ஒரு ஞாபகம். அன்றைக்கே ஏன் எழுதவில்லை?

கடை விதையும் கறுப்பு. என் விதையும் கறுப்பு. மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்?

ஜெபமாலை சொன்னேன். மூன்றாம் தேவ ரகசியத்தில் மறுபடி முடிச்சு ஞாபகம். எண்ணிக்கை தப்பிவிட்டது.

செப்டம்பர் 11

ஜெயராணியே போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புதுவீடு மந்திரிப்பு. பங்குச் சாமியார் பத்து மணிக்கு ஜெபிக்க வருகிறார், சனிக்கிழமையே வந்துவிடச் சொன்னாள். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“வெதைய நீ மாத்தி வச்சியா?”

அவள் திருப்பிக் கேட்டாள்.

“ஏன்க்கா, மாடி வூட்டுல வாடகைக்கு இருக்கறவ நான். ஒங்க வெதைய எடுத்து எங்க போடுவேன்? குக்கர்லயா?”

“நீ கேட்ட, நான் தரல.”

“தரலன்னா திருடிடுவேனா? இதோட நாலாவது தடவக்கா. கொலுசக் காணோம்னு கேட்டீங்க, வெள்ளித் தட்டக் காணோம்னு கேட்டீங்க. தட்டு ஒங்க பீரோவுலயே இருந்துச்சு. நீங்க ஒண்ணும் வரவேண்டாம்.”

வைத்துவிட்டாள்.

நாலாவது தடவை என்றாளே. கொலுசு, தட்டு, இது. மூன்றுதான். நாலாவது எது?

அவருக்குத் தம்பி வீட்டு விசேஷம். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 12

சாயங்காலம் இடி மட்டும். செல்லம்மா தாள் அறுக்க வந்தாள். ஜெயராணி விஷயத்தைச் சொன்னேன். அவள் முப்பது வருஷமாக வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்கிறவள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“வெதைக்கு வுட்டப்ப பக்கத்துல வேற வெங்காயம் பூத்துச்சா?”

“மாதா வரிசை பூத்துச்சு.”

“அத ஒடிக்கலையா?”

“நேர்ந்துவிட்டத ஒடிக்கலாமா?”

“சரியாப் போச்சு. ஈ என்ன ஞானஸ்நானம் வாங்குனதா? இந்தப் பூவுலயும் ஒக்காரும், அந்தப் பூவுலயும் ஒக்காரும். வெதைக்கு வுடறவங்க பக்கத்துல வேற பூவு வச்சிருக்க மாட்டாங்க மேரிம்மா.”

போன பொங்கலுக்கு ஜெயராணி இவளுக்கு ஒரு சேலை கொடுத்தாள். அதனால் பரிந்து பேசுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

நவம்பர். அவர் இடுப்பு குணமானதற்கு மாதாவுக்கு ஒரு வரிசை. ஈஸ்டருக்குப் பிடுங்கிக் கோயில் சாப்பாட்டுக்குக் கொடுக்கும்வரை கை வைப்பதில்லை. நட்டது: சந்தை வெங்காயம், 2 கிலோ.

சந்தை வெங்காயம். நம் இனத்தைக் கோயில் அண்டாவில் கொட்ட மனசு வரவில்லை. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அது பூத்தது என் விதை வரிசைக்கு மூன்றடி தள்ளி.

பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது?

செப்டம்பர் 13, சனி

வீடு முழுக்கத் தேடினேன். பரண், கூடை, சாக்கு. பழைய வெங்காயம் ஒன்றுகூட இல்லை. விதைதான் இருக்கிறதே என்று ஜூலைக்குள் குழம்பில் போட்டுத் தீர்த்தாயிற்று.

பழையது இந்த விதையில் வந்தது இல்லை. காயையே நட்டு எடுத்தது, அதில் கலப்பு ஏறாது. பத்துக் காய் கிடைத்தால் நவம்பரில் நட்டு மறுபடி விதை எடுக்கலாம். இல்லையென்றால் இந்த இனம் என்னோடு சரி.

அவர் பந்தல் வேலைக்குக் காலையிலேயே அரியலூர் போனார். மூன்று மணிக்குப் போன் பண்ணினார்.

“ஒன் வெங்காயம் இங்க மாடி வூட்டு பால்கனியில தொங்குது. அப்படியே இருக்கு. நாளைக்குக் காலையில சாம்பாருக்குன்னு ஜெயராணி எடுத்து வைக்கச் சொல்லிட்டா.”

“ஏன் இத்தன நாளா சமைக்காம வச்சிருந்தா?”

“அத நீயே கேளு. இதுலயும் ஒனக்குச் சந்தேகமா?”

சந்தேகம்தான். தின்னக் கொடுத்ததை ஐந்து மாதம் ஏன் தொங்கவிட வேண்டும்? நடத்தானே? விதை தராதவளிடம் காய் வாங்கி, காத்திருந்திருக்கிறாள். புது வீட்டில் கொல்லை இருக்கிறதாமே.

என் போனுக்குப் பிறகு கோபத்தில் சாம்பாருக்கு என்று விட்டிருப்பாள். இருக்கட்டும். நட்டால் நல்லதுதான்.

நான்கு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்கால ஜெபம் முடிந்து வாட்ஸப்பில் அனுப்பினேன். நகல் இங்கே:

ஜெயராணிக்கு. விதையை நீ தொடவில்லை. என் தோட்டத்தில் நான் வைத்த வரிசையால் கலந்துபோனது. உன்னைக் கேட்டது தப்பு. கொலுசுக்கும் தட்டுக்கும் கேட்டதும் தப்பு. நாலாவது எது என்று தெரியவில்லை, அதுவும் தப்பாகத்தான் இருக்கும். நீ வரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். பால்கனி வெங்காயம் உன்னுடையது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. உரிக்க வேண்டாம், நட்டுவிடு. எனக்குப் பத்துக் காய் தருவாயா? காலையில் சமையல்காரர் வருவதற்குள் ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லிவிடு.