இறக்கைக்கு முன்னால், இடது பக்கம்

விமான நிலையச் சோதனையில் சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னார்கள். துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டு ஒன்று தட்டில் விழுந்தது. "என்னங்க இது?" என்று கேட்டார் போலீஸ்காரர். அது உங்களுடையது.

நல்லூரில் நாம் கூட்டாக நடத்திய பனியன் கம்பெனியில் நிட்டிங் என் பொறுப்பு, கட்டிங் உங்கள் பொறுப்பு. பம்பாய் பார்ட்டி ஆர்டர் பேச சாம்பிளோடு நேரில் வரச் சொன்னதும் விமானத்திலேயே போவது என்று முடிவு செய்தோம். இரண்டு பேருமே விமானத்தில் ஏறியதில்லை. நீங்கள் யார் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, கட்டிங் டேபிள் முழுக்க ஒரு விமானத்தையே வரைந்துவிட்டீர்கள்.

"காலைல வடக்க போகுதுங்க. வெயில் வலது பக்கம் அடிக்கும், கடல் இடது பக்கம் வரும். இறக்கை மறைக்காம முன்னாடி உக்காரோணும்." ஆறாவது வரிசை ஜன்னலில் ஒரு பெருக்கல் குறி போட்டீர்கள். "இது உங்க சீட்டுங்க பார்ட்னர். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பாத்துப் பாத்துச் சொல்லுங்க, போதும்."

பிறகு ஒருநாள், "பார்ட்டி தேதியத் தள்ளிட்டாருங்க" என்றீர்கள். மாமியார் ஊட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லி நான்கு நாள் லீவு போட்டீர்கள். பொய்யைக்கூட மரியாதை குறையாமல்தான் சொன்னீர்கள். நானும் பேக்கு மாதிரி நம்பினேன்.

நீங்கள் திரும்பி வந்த அன்று டேபிளைப் பார்த்தேன். விமானத்தின் இறக்கை இரண்டு வரிசை முன்னால் நகர்ந்திருந்தது. பழைய கோட்டைக் கையால் அழித்துப் புதிதாகப் போட்டிருந்தீர்கள். என் பெருக்கல் குறியும் நான்காவது வரிசைக்குப் போயிருந்தது. ஒரு கோடு பிசகினால் அடுக்கிய துணி மொத்தமும் வீண் என்று பதறுகிறவர் நீங்கள். தப்பான கோட்டைத் திருத்தாமல் உங்கள் கை சும்மா இருக்காது.

"ஏனுங்க, பம்பாய் போய்ட்டு வந்துட்டீங்களா?"

நீங்கள் கையிலிருந்த சாக்பீஸை டேபிளில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அடுத்த மாதமே வேலம்பாளையத்தில் உங்கள் மச்சானோடு புதுக் கம்பெனி. நான் நிட்டிங் ஓட்டிய துணியில் செய்த சாம்பிளைப் பம்பாயில் காட்டி நீங்கள் வாங்கிய ஆர்டர். ஆர்டர் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விமானத்தில் என் சீட்டில் உங்கள் மச்சானை உட்காரவைத்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அந்தக் கோபத்தில் இத்தனை வருடமும் பம்பாய்க்கு ரயிலிலேயே போய்வந்தேன். போன மாதம் நீங்கள் இறந்த செய்தி வந்தது. நான் எழவுக்கு வரவில்லை. இன்று ஏனோ விமானத்துக்கு டிக்கெட் போடச் சொன்னேன். கவுண்டரில் கேட்டு வாங்கியது நான்காவது வரிசை, இடது பக்க ஜன்னல்.

இறக்கை பின்னால் இருக்கிறது. கண்ணில் வெயில் படவில்லை. மலை முடிந்ததும் கடல் கூடவே வருகிறது. நீங்கள் திருத்திய கோடு இம்மியும் பிசகவில்லை. பக்கத்துச் சீட்டு காலி.

பார்த்துப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்களே, இதோ சொல்லிவிட்டேன். ஏனுங்க பார்ட்னர், என்னைய உட்டுப்போட்டுப் போறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?