குப்புறப் படுத்த டிரில் மாஸ்டர்

ஜூலை 8
தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். இவருக்கு இருமல் இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, நம்ம டிரில் மாஸ்டர் நிழலில் உட்கார்ந்துவிட்டாராம். கேட்டால், “சாதா சளிதான்” என்கிறார்.

ஜூலை 10
சளி இல்லை. நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

ஜூலை 11
முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தாறு என்று காட்டுகிறது. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா சொன்னார்: “இன்னும் இறங்கினா தொண்டையில குழாய் விடணும். அதுக்கு முன்னாடி குப்புறப் படுக்க வெச்சுப் பார்ப்போம். முதுகுப் பக்கம் நுரையீரல் அமுங்கிக் கிடக்கு, அது விரியும்.”

இவருக்கு ரோஷம். “நான் என்ன கைக்குழந்தையா?”

“குழந்தைன்னா தானா குப்புற விழுந்துடும் மாஸ்டர். உங்களுக்குத்தான் மூணு பேர் வேணும்” என்றார் சிஸ்டர்.

புரட்டிப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம்கூட இல்லை, மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்து மல்லாந்துவிட்டார். என்ன பிடிவாதம் இந்த மனுஷனுக்கு? பிடிவாதம்தானா— இல்ல. பயம். கண்ணப் பார்த்தாலே தெரியுது.

ஜூலை 12
காலையில் எண்பத்துநான்கு. குழாய்க்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார்கள். “இன்னொரு தடவை” என்று கெஞ்சினேன்.

சிஸ்டர் இவர் நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை, இடுப்புக்கடியில் ஒன்று வைத்தார். தொப்பை நடுவில் அமுங்காமல் நின்றது. நான் தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் இவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டேன்.

“பயமா இருக்குதாங்க?”

ஆமாம் என்று தலையசைத்தார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

“நான் எங்கயும் போகல. என்னைப் பார்த்து மெதுவா மூச்சு விடுங்க.”

பேசிக்கொண்டே இருந்தேன். இவர் தங்கையைப் பற்றிக்கூடக் குறை சொன்னேன். முறைத்தார், ஆனால் புரளவில்லை. எண்பத்தெட்டு. தொண்ணூறு. மதியம் தொண்ணூற்றுநான்கு!

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “குழாய் இப்போ வேண்டாம்” என்றார். விசிலடிக்கத் தெரிந்திருந்தால் வார்டே அதிர அடித்திருப்பேன்.

ஜூலை 14
யாரும் சொல்லாமல் தானே புரண்டு படுத்துக்கொள்கிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதட்டல் வேறு: “தலகாணி நெஞ்சுக்குக் கீழ சார். வயித்துக்கு இல்ல.”

ஜூலை 24
வீட்டுக்கு வந்தாயிற்று. மூன்றாவது மாடி. நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார், அவ்வளவுதான். துணிப்பைகளோடு நான் பின்னால் ஏறினேன். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, மூச்சு வாங்குதா?”

வாங்கியது. ஒப்புக்கொள்ளவில்லை.