ஹோரஸுக்கு உள்ளே பொத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி? நம்மூர் டார்வின் வெயிலை விட்டு வந்ததிலிருந்து இந்த விக்டோரியா மாநிலக் குளிரில் இருப்புக்கொள்ளவில்லை.

நான் மரங்களைச் சோதிக்கும் வேலை பார்ப்பது, முதல் உலகப் போரில் மாண்ட இவ்வூர் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மரமென்று நூறாண்டுக்கு முன் நட்ட சாலையில். பராமரிக்கும் ஊர்க் குழுவினர் மரங்களை அந்த ஆட்களின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் ஹோரஸ் என்பவரின் மரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து என் வண்டிமேல் விழுந்தது. எனக்கு ஒன்றுமில்லை. மரத்தைக் கருவி வைத்துச் சோதித்துவிட்டு, அவசரத்தில் அவருடைய குடும்பத்துக்குக் குழுவின் பாணியிலேயே எழுதிவிட்டேன்: "ஹோரஸுக்கு உள்ளே முக்கால்வாசி பொத்தல். வெட்டியாக வேண்டும். சம்மதம் தேவை."

ஹோரஸின் தங்கை மகள், வயதான மேவிஸ், நேரிலேயே வந்துவிட்டார். திட்டு விழுமென்று நின்றேன்.

"மாமா செத்தப்ப பட்டாளத்துல இருந்து, 'வலியில்லாமப் போயிட்டார்'னு எழுதினாங்க. எங்கம்மா கடைசிவரைக்கும் நம்பல. நீயாவது மழுப்பாம எழுதினியே," என்று கையெழுத்துப் போட்டார். "ஆனா தம்பி, வெட்டிட்டு ஓடிடாதே. புதுக் கன்னு நடணும்."

மரம் சாய்ந்ததும் ஊர் வந்துவிட நினைத்திருந்தேன். கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். தண்ணீர் ஊற்றுவோர் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள். நானும் அதை அழிக்கவில்லை.

கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்பு, இரண்டு குளிர்காலத்துக்கு. தபால் வண்டி கிளம்புகிறது.

கேலம்