இரண்டாம் தொகுதியின் ஒரே ஓட்டு

அக்டோபர் 14, சனி

எனக்கு எண்பத்தாறு வயது என்று மாதா கோயில் வாசலில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எண்பத்து நான்கு. ஜெர்மேன் லெவேக்காகிய நான் ஜனாதிபதி பதவிக்கு நிற்கிறேன் என்றும் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதுவும் தவறு. நான் தேர்வாளர். எங்கள் கட்சி இந்தத் தொகுதியில் ஜெயித்தால், டிசம்பரில் மாநிலத் தலைநகரான அகஸ்டாவின் சட்டமன்றத்துக்குப் போய், தொகுதியின் சார்பில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட வேண்டியவள்.

பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரின் ரொட்டிக்கடைக்காரரிடம் விளக்கினேன். "மத்த மாநிலத்துல பெரும்பாலும் ஜெயிச்சவருக்கே எல்லாத் தேர்வாளரையும் மூட்டையா கட்டிக் குடுத்துடுவாங்க. நம்ம மெய்ன்ல அப்படி இல்ல. மொத்தம் நாலு பேரு. மாநிலத்துல ஜெயிச்சவருக்கு ரெண்டு, அப்புறம் ரெண்டு தொகுதிக்கும் தலா ஒண்ணு. ரெண்டாம் தொகுதியோட அந்த ஒண்ணு நான்."

"அப்ப நாங்க எதுக்கு மதாம் ஓட்டுப் போடறோம்?"

"என்னை அகஸ்டாவுக்கு அனுப்பறதுக்கு."

"இவ்வளவுதானா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பஸ் டிக்கெட் எடுத்துக் குடுத்திருப்போமே."

எனக்கு நடத்தியதுபோல் அவருக்குக் கன்னியாஸ்திரீகள் பாடம் நடத்தியதில்லை. பார்த்தாலே தெரிகிறது.

அக்டோபர் 22, ஞாயிறு

எதிர்க்கட்சியின் தேர்வாளராக யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. கில்மன் மிஷோ. எதிர்வீட்டு உருளைக்கிழங்கு விவசாயி.

ஒன்பது ஆண்டுகளாக நான் அவரிடம் பேசுவதில்லை. என் கணவர் அடெலார்டின் அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் தட்டோடு வந்து, "உங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷமா எங்க கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டாரு மதாம், தெரியுமா?" என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாராம். பொய் சொல்கிறீர்கள் என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு.

நவம்பர் 7, செவ்வாய்

ஓட்டுப் போட்டாயிற்று. இங்கே வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கலாம். எனக்கு இரண்டாம் விருப்பம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, கணவர் விஷயத்திலும்கூட. முதல் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, புதன்

மாநிலத்திலும் முதல் தொகுதியிலும் தோற்றோம். ஆனால் எங்கள் தொகுதியில் எவருக்கும் பாதி ஓட்டு வரவில்லை. மூன்றாவதாக நின்ற மாட்டுப்பண்ணைக்காரர் கொஞ்சம் பிரித்துவிட்டார். இனி தொகுதியின் ஓட்டுச் சீட்டுகளெல்லாம் அகஸ்டாவுக்குப் போகும். அவருக்குப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பம் எது என்று எண்ணுவார்கள்.

அதாவது, முடிவெடுக்க முடியாதவர்கள் முடிவெடுப்பார்கள்.

நவம்பர் 16, வியாழன்

முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தோம்.

எங்கள் கட்சியின் தொகுதித் தலைவர் திரு. ஹாஸ்கெல் பாங்கர் நகரத்திலிருந்து கூப்பிட்டார். "நிஜமாவா மேடம்?" என்று என்னைக் கேட்டார். எண்ணியது நானா?

நவம்பர் 29, புதன்

ஹாஸ்கெல் நேரில் வந்தார். பழக்கூடை, புது டை.

"டிசம்பர் பனியில அஞ்சு மணி நேரப் பயணம் மேடம். கட்சிக்கு உங்க உடம்புதான் முக்கியம். ராஜினாமா கடிதத்தை நானே அடிச்சிட்டு வந்துட்டேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"எனக்குப் பதிலா யாரு?"

"அதை யாரும் யோசிக்கவே இல்ல. ரொம்பக் கட்டாயப்படுத்தினாங்கன்னா... நான்."

கடிதத்தில் மூன்று பிழைகள். சிவப்பு மையில் திருத்தி, கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் வாய் தவறியது.

"பாருங்க மேடம், இந்தத் தொகுதி ஜெயிக்கும்னு தெரிஞ்சிருந்தா நாங்க..."

பழக்கூடையைப் பார்த்தார்.

மாலை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தோரு வருஷம் இந்தக் கட்சிக்காக வீடு வீடாகப் படி ஏறியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்கியிருக்கிறேன். மே மாத மாநாட்டில் என் பெயரை வாசித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் — எதுக்கு? தோக்கப்போற எடம், கெழவிக்குக் குடுத்தா யாருக்கு நஷ்டம்னா? அப்ப அது பதவியே இல்லியா?

நான் போவேன். தவழ்ந்தாவது போவேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

பனி. அழைத்துப் போவதாகச் சொன்ன என் தங்கை மகன், கார் கிளம்பவில்லை என்கிறான். ஒரு மணி நேரத்துக்குள் ஹாஸ்கெல் கூப்பிட்டார். "கவலையே படாதீங்க மேடம். நான் எப்படியும் அங்க இருப்பேன்."

அவருக்கு யார் சொன்னது?

டிசம்பர் 18, திங்கள். அகஸ்டா, விடுதி அறை

விடிந்ததும் வாசலில் பனி தள்ளும் லாரி. உள்ளே கில்மன் மிஷோ.

"ஏறுங்க மதாம். உங்க தங்கச்சி பையன் ஊரெல்லாம் பொலம்பிட்டிருக்கான்."

"உங்களுக்கு இதுல என்ன?"

"ஜெயிச்சது நீங்க. தோத்தது நான். நடுவுல பாங்கர்காரன் எதுக்கு?"

ஏறினேன். படி மிக உயரம். அவர் கை நீட்டினார்; நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஹோல்டன் ஊர் தாண்டியதும் அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் முதல் விருப்பம் மாட்டுப்பண்ணைக்காரருக்குப் போட்டேன். ரெண்டாவது உங்க ஆளுக்கு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "நீங்க அந்தக் கட்சியோட தேர்வாளர். உங்க கட்சிக்கே நீங்க போடலியா?"

"தேர்வாளரா இருக்கப்போயிதான் போடல. எங்க ஆளு ஜெயிச்சுத் தொலைச்சா, டிசம்பர்ல இந்த ரோட்டுல நான் அகஸ்டா போகணுமே."

கண்ணாடி துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டில் ஒன்று எங்கள் எதிர்வீட்டிலேயே இருந்திருக்கிறது.

சிரித்தேன். சத்தமாக இல்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

டிசம்பர் 19, செவ்வாய்

நான்கு நாற்காலிகள். மூன்றில் எதிர்க்கட்சியினர், ஒன்றில் நான். என் சொந்தப் பேனாவால் எழுதினேன். ஆறு சான்றிதழ்கள், ஆறு கையெழுத்துகள், ஒன்றிலும் மை பரவவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று அறிவித்தார்கள். நாட்டுக்கு யார் ஜனாதிபதி என்பது எல்லோருக்கும் ஒரு மாதமாகத் தெரியும். என் ஓட்டால் ஒன்றும் மாறவில்லை.

பார்வையாளர் மாடத்தில் ஹாஸ்கெலின் டை தெரிந்தது. ஆளைப் பார்க்க நான் நிமிரவில்லை. மறுகோடியில் கில்மன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "கையெழுத்து நல்லா இருந்துது." மாடத்திலிருந்து கையெழுத்தா தெரியும்?

திரும்பும்போது லாரியில் ஏற அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படி உண்மையிலேயே உயரம்.

டிசம்பர் 21, வியாழன்

இன்று எதிர்வீட்டுத் தபால் பெட்டியில் போட்ட கடிதத்தின் நகல்:

திரு. கில்மன் மிஷோ அவர்களுக்கு,

பயணத்துக்கு நன்றி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் கணவரைப் பற்றி நீங்கள் ஒன்று சொன்னீர்கள். நான் அதைப் பொய் என்றேன். ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கியபின் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பது இப்போது எனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஆகவே கேட்கிறேன்: அடெலார்டே அதை உங்களிடம் சொன்னாரா? சொன்னார் என்றால், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னாரா?

இருபத்தைந்தாம் தேதி மதியம் என் வீட்டில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம் இருக்கும். பதில் எதுவானாலும் நீங்கள் வரலாம். ஆனால் இந்தப் பதிலை மட்டும், மறுபடியும் கையில் தட்டை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம். விருந்துக்கு முன்பே எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜெர்மேன் லெவேக்