ராயபுரம் லாட்ஜை விட்டு வந்தேன்

காலடிப்பேட்டை,
12-8-51

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் ராசையா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

புது விலாசத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் தமீமை என்னோடு தங்கவைக்க ராயபுரம் லாட்ஜில் என் அறைக்கு அழைத்துப்போனேன். மானேஜர் வாசலிலேயே மறித்து, "பாய்க்கெல்லாம் இங்க எடம் கெடையாது" என்றார்.

"நீ ஏன் மாமு பேஜாராவுற? நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றான் தமீம்.

"அவனுக்கு இல்லாத இடம் எனக்கும் வேண்டாம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இருவருக்கும் இங்கே ஒரே தகரக் கூரை அறை.

மன்னிப்புக் கேட்டால் திரும்பி வரலாம் என்று மானேஜர் சொல்லியனுப்பியிருக்கிறார். தெருவில் படுத்தாலும் கேட்க மாட்டேன்.

இரண்டு போர்வை அனுப்புங்கள். உங்கள் பழைய சேலையில் தைத்ததானால் எனக்குத் தூக்கம் வரும். துறைமுக வேலைக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று தமீம் கூப்பிடுகிறான்.

உங்கள் மகன்,
ராசையா