சம்பந்திக்குத் தெரிந்த சேதி

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் செந்தமிழ்செல்வனுக்கு,

அம்மா எழுதுவது. தோஹாவில் நீயும் இலக்கியாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எதைக் கேட்டாலும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய்; கடிதத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

லீவில் வந்தபோது என் வயிற்றுவலிக்காகச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போனாய்; டாக்டர் அறைக்குள் நீ மட்டும் போனாய். வெளியே வந்து, வெறும் அல்சர் என்றாய். நம்பினேன்.

நேற்று உன் மாமியார் திலகவதி வந்திருந்தாள். என் காபியை ஒரு நாளாவது குறை சொல்லாமல் குடித்திருக்கிறாளா? நேற்று, "சம்பந்தியம்மா, உங்க கைக்கு ஈடு யாரு இருக்காங்க" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம். பிறகு பையிலிருந்து முள்சீத்தாப் பழத்தை எடுத்து, "தெனம் சாப்புடுங்க, கட்டி கரைஞ்சிடும்னு வாட்ஸ்அப்ல வந்துது" என்றாள். அல்சருக்கு ஏது கட்டி என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. "மாப்ள போன்ல என்னா அழுக அழுதாரு" என்பது வரை வாங்கிவிட்டேன். அதற்கு மேல் அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். பழத்தைப் பக்கத்து வீட்டு மலர்க்கொடியின் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள்.

என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் அப்பா இறந்தபோது என் மடியில் விழுந்து அழுத பிள்ளை, இப்போது அவளிடம் போய் அழுதிருக்கிறாய்.

காலையில் யூடியூபில் தேடினேன். ஒருவர் கஞ்சி குடித்தால் போதும் என்கிறார்; இன்னொருவர் நாளே குறித்துவிடுகிறார். யாரை நம்புவது? கான்வென்ட்டில் படித்தவள் நான். என் ரிப்போர்ட்டை எனக்கே படிக்கத் தெரியும். அதை நீ பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டாய். அல்சர்தானே என்று, டாக்டர் போன வாரம் வரச் சொல்லியிருந்த ஸ்கேனுக்கும் போகவில்லை. விஷயம் தெரிந்திருந்தால் போகாமல் இருந்திருப்பேனா?

வியாழக்கிழமை சிதம்பரம் போகிறேன். திலகவதியும் வருகிறாளாம். வரட்டும், வெளியே பெஞ்சில் உட்காரட்டும். உள்ளே நான்தான் போவேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து இன்றே உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன்; டாக்டர் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு, செல்வா. அழுகை வந்தால் என்னிடம் அழு.

உன் அம்மா,
ஜோதிலட்சுமி